வலியின்றி வரும் செந்நீர்

அக்கினி நட்சத்திர காலத்தில் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர் எவருக்கும் நீர்க்கடுப்பு இன்னதென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழ்கிற அந்த வாரங்களில், வியர்வையாய்ப் போனது போக எஞ்சிய நீர் கடும் மஞ்சளாகச் சுண்டி, சொட்டுச் சொட்டாய், அடிவயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவதும், இளநீரும் நீர்மோரும் வெள்ளரிப்பிஞ்சும் உள்ளே சென்றபின் ஓரிரு நாளில் அந்த உபாதை அடங்கிவிடுவதும் இவ்வூரார் ஆண்டுதோறும் கண்டு பழகிய சங்கதி. இதற்கு நேர்மாறான மற்றொன்றும் உண்டு. எரிச்சல் கிடையாது, கடுப்பு கிடையாது, காய்ச்சலும் இல்லை. ஒரு நாள் காலையில் சிறுநீர் செந்நிறமாய்ப் போகிறது, மாலையிலும் அப்படியே, மூன்றாம் நாள் தானாகவே தெளிந்து வழக்கம்போல் ஆகிவிடுகிறது. இவ்விரண்டில் எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்று கேட்டால், துடிக்க வைத்த முதலாவதையே பலரும் சுட்டுவார்கள். சிறுநீரியல் மருத்துவரோ தயங்காமல் இரண்டாவதைச் சுட்டுவார். வலித்தது சிறிதாகவும் வலிக்காதது பெரிதாகவும் இருப்பது ஏன், வந்த ரத்தம் தானே நிற்பது ஏன், நின்ற பின்னும் அதை விடாமல் பின்தொடர வேண்டியது ஏன் என்பனவே இங்கு நாம் ஆராயப் புகும் கேள்விகள்.

சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய் தன் வரவைப் பெரும்பாலும் இந்த ஒரே அடையாளத்தால்தான் அறிவிக்கிறது. நோயுற்றவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் முதலில் கண்டது ரத்தம் கலந்த சிறுநீரையே என்று பல நாட்டு மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,73,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 20,000. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு மிகுதி. வயது ஐம்பதைக் கடந்தவர்களிடமே அதிகம். ஆனால் சிறுநீரில் சிவப்பைக் கண்ட ஒவ்வொருவருக்கும் புற்றுநோய் என்று மனம் கலங்குவதும் தவறு. கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனதென்று மருத்துவமனைக்கு வருவோரில் பத்துக்கு ஒருவர் அல்லது இருவரிடமே இந்நோய் காணப்படுகிறது. மற்றவர்களுக்குக் கல்லோ, கிருமித் தொற்றோ, புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமோ, சிறுநீரகத்தின் வேறு கோளாறோ காரணமாயிருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை வெளியே நின்று எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

சிறுநீரைப் பார்த்து நோயை அறிவது நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் நீர்க்குறி என்ற பெயரில், விடியற்காலையில் பிடித்த நீரின் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். நெய்க்குறி என்ற பெயரில் அந்நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு அது பரவும் விதத்தையும் கவனித்தார்கள். மருத்துவ மரபு இவ்வூர்ப் பக்கத்திலும் பழையதே: ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்தரி சந்நிதியை ஒட்டி ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், பழுதுற்ற அதனைக் கருடவாகன பட்டர் மரபில் வந்தவர் புதுப்பித்ததையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. நெய்க்குறியின் முடிவுகளை இன்றைய பரிசோதனைச்சாலை ஏற்காது போகலாம். ஆனால் தன் உடம்பிலிருந்து கழிவதை மனிதன் அருவருப்பின்றி உற்றுப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டதால் நஷ்டமே அடைந்திருக்கிறோம். ஸ்ரீரங்கத்து வீதிகளில் இன்றும் எஞ்சியுள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாசல் திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டி, கொல்லைக் கோடியில், மங்கிய விளக்கொன்றின் கீழே கழிப்பறை இருக்கும். கருத்த சிமெண்டுத் தரையில் விழுந்து மறைகிற நீரின் நிறத்தை அங்கே யார் கண்டார்கள்? வயற்காட்டில் மண்ணில் விட்டுவிட்டு வருபவருக்கும் அதே நிலைதான். வெள்ளைப் பீங்கான் போட்ட கழிப்பறைக்கு மாறிய பிறகே பலர் முதன்முறையாகத் தம் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரே ஒரு மில்லிலிட்டர் ரத்தம் கலந்தாலும் நிறம் மாறிவிடும். ஆகவே சிவப்பின் அழுத்தத்தைக்கொண்டு நோயின் அளவைக் கணிக்க முடியாது. இளஞ்சிவப்பாய்ச் சிறிது தெரிந்தது அற்பம் என்பதோ, ரத்தக்கட்டியாய் விழுந்தது முற்றிய நோய் என்பதோ சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. சிவந்ததெல்லாம் ரத்தமும் அன்று. முந்தின நாள் உண்ட பீட்ரூட் சிலருக்குச் சிறுநீரைச் சிவக்க வைக்கும்; காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை அதை ஆரஞ்சு நிறமாக்கும். ஐயத்தைத் தீர்ப்பது எளிது. பரிசோதனைச்சாலையில் ஒரு காகிதப் பட்டையை முக்கியெடுத்தால், ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதிலுள்ள ரசாயனத்தை நிறம் மாறச் செய்யும். பின்பு அந்த நீரைச் சுழற்றிப் படியவைத்த வண்டலை நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பணுக்கள் பிரத்தியட்சமாகவே தெரியும். லேப் சீட்டில் ‘ஆர்.பி.சி.’ என்ற வரிக்கு நேரே எழுதியிருப்பது அந்தக் கணக்குத்தான். உருப்பெருக்கிய ஒரு பார்வை வட்டத்துக்குள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட வரம்பு. அணுக்களின் வடிவம்கூடப் பேசும். சிறுநீரகத்தின் வடிகட்டியினூடே நசுங்கி வந்தவை உருக்குலைந்திருக்கும், கூடவே புரதமும் கசிந்திருக்கும். பையிலிருந்து நேரே கசிந்தவை வட்டம் கெடாமல் இருக்கும்.

இனி, வலி ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம். சிறுநீர்ப்பை தசையாலான ஒரு பை. அதன் உட்புறத்தை ஐந்து முதல் ஏழு அடுக்கு உயிரணுக்கள் கொண்ட மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. மேலடுக்கிலுள்ள பெரிய அணுக்கள் பை நிறையும்போது தட்டையாக விரிந்தும் வடியும்போது திரண்டும், நச்சு மிகுந்த நீர் உள்ளே ஊறிவிடாமல் காக்கின்றன. புற்று முளைப்பது பெரும்பாலும் இந்தப் படலத்தில்தான். கல் உருண்டு குழாயை அடைத்தால் குழாய் விம்மி வலிக்கும். கிருமி புகுந்தால் சுவர் முழுதும் அழன்று கடுக்கும். படலத்தின் ஓரிடத்தில் ஓசையின்றி எழும் சதை முளையோ எதையும் அடைப்பதில்லை, அழற்றுவதுமில்லை. ஆகவே உணர்வு நரம்புகளுக்கு அறிவிக்க எதுவும் கிடைப்பதில்லை. அந்த முளை விரல் விரலாகப் பிரிந்து நீரினுள் நீண்டு மிதக்கிறது. ஒவ்வொரு விரலின் நடுவிலும் நூலினும் மெல்லிய ரத்த நாளம் ஓடுகிறது. பை சுருங்கி நீரை வெளியேற்றும்போது அவற்றுள் ஏதோ ஒன்று கிழிகிறது; ரத்தம் கசிகிறது. பின்பு உடம்பு தன் ஸ்வபாவப்படி ரத்தத்தை உறையவைத்து வாயை அடைத்துவிடுகிறது. நீர் தெளிகிறது. முளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த கிழிசல் அடுத்த வாரமும் நேரலாம், ஆறு மாதம் கழித்தும் நேரலாம்.

இந்த இடைவெளியில்தான் எல்லாம் கெடுகிறது. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்று, திருவானைக்காவலில் குடியிருக்கும் ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்வோம். மருந்துக்கடையில் நின்று, குரலைத் தாழ்த்தி, “தம்பி, ரெண்டு நாளா ஒண்ணுக்குச் செவப்பாப் போகுது, வலி கிலி ஒண்ணும் இல்ல” என்கிறார். “சூடுதாங்கய்யா. வாழைத்தண்டு சாறு குடிங்க, இந்த மாத்திரைய அஞ்சு நாளைக்குப் போடுங்க, சரியாப் போயிடும்” என்று பதில் வருகிறது. சரியாகப் போயும் விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். சாறு குடிக்காவிட்டாலும், மாத்திரை போடாவிட்டாலும் ரத்தம் நின்றேயிருக்கும். ஆனால் நின்ற பெருமை சாற்றுக்கும் மாத்திரைக்கும் போய்ச் சேர, அடுத்த முறை சிவப்பு தோன்றும்போது பெரியவர் கேட்கவும் மாட்டார், தாமே சாறு பிழிந்துகொள்வார். வாழைத்தண்டின் மீதோ சிறுநெருஞ்சிலின் மீதோ எனக்குக் குறையில்லை. கோடையில் அவை உடம்புக்கு இதமானவை. காரணத்தை அறியாமல் காரியம் அடங்கியதைச் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்வதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். கிருமித் தொற்றென்று மாத்திரை தருவதானால் முதலில் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும்; கிருமி வளரவில்லையென்றால் தொற்று என்ற காரணம் விழுந்துபோகிறது. கிருமி இருந்து, மருந்தால் அது ஒழிந்த பின்னும் சிவப்பணுக்கள் மறையவில்லையென்றால் அப்போதும் அது விழுந்துபோகிறது.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தாமதம் இன்னும் நீள்கிறது. அவர்களுக்கு இந்நோய் குறைவு என்பதாலேயே அதை எவரும் நினைப்பதில்லை. நீர்த்தொற்று அவர்களுக்கு மிகுதி என்பதாலேயே எதையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஒரு மருந்து முடிந்து மறுமருந்து, அது முடிந்து வேறொன்று என்று மாதங்கள் கழிகின்றன. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன மூதாட்டி துணியில் கண்ட கறையைக் கர்ப்பப்பையிலிருந்து வந்ததென்று எண்ணிக்கொள்கிறார். மகளிடமும் மருமகளிடமும் சொல்லக் கூசுகிறார். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் முற்றிய நிலையிலேயே அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறதென்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. மற்றொரு சாராரும் ஏமாறுகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள், சிறுநீரில் ரத்தம் கண்டால் ‘மாத்திரையால் வந்தது’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மாத்திரைகள் கசிவை மிகுவிக்குமேயன்றி, கசிவதற்கு ஒரு வாயை உண்டாக்குவதில்லை. மறைந்திருந்த புற்றை அவை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் உண்டு. அவர்களையும் மற்றவர்களைப் போலவே முழுமையாகச் சோதிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

நோய் இந்தப் பையை ஏன் தேடி வருகிறது? இதற்கு விடை காணத் திருச்சிராப்பள்ளியைவிடப் பொருத்தமான ஊர் அதிகமில்லை. உறையூரில் சுருட்டிய சுருட்டுகள், திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையில் உருவாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து சென்று, இவ்வூரின் பெயரையே ஆங்கிலத்தில் சுருட்டுக்கு ஒரு பெயராக்கின. 1887-இல் வெளியான, கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது டிரிச்சினோபொலி சுருட்டினுடையதென்று துப்பறிவாளர் சொல்கிறார். அதே உறையூர் தறிக்கும் பெயர்பெற்றது. தறியிருந்த இடத்தில் சாயத் தொட்டியும் இருந்தது. புகைக்கும் சாயத்துக்கும் இடையே ஒரு ரகசியத் தொடர்பு உண்டென்பதை அக்காலத்தில் எவரும் அறியார்.

தொடர்பின் முதல் நுனி ஜெர்மனியில் அகப்பட்டது. 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பிறகு, அவுரியும் சாயவேரும் இருந்த இடத்தை ரசாயனச் சாயங்கள் விரைவிலேயே பிடித்துக்கொண்டன. 1895-இல் ஃபிராங்ஃபர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், தம்மிடம் வந்த சிறுநீர்ப்பைக் கட்டி நோயாளிகளில் மூவர் ஒரே சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் என்பதைக் கவனித்து, தொழிலே நோய்க்குக் காரணமாயிருக்க வேண்டும் என்று அறிவித்தார். மூவரைக் கொண்டு முடிவு செய்வதா என்று பலர் ஐயுற்றார்கள். ஐயம் நியாயமானதே, ஆயினும் அனுமானம் சரியாயிருந்தது. 1938-இல் வில்ஹெல்ம் ஹ்யூப்பர், சாயத்துக்கு மூலப்பொருளான பீட்டா நாஃப்தைலமீனை நாய்களுக்குத் தொடர்ந்து கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாவதைக் காட்டினார். 1954-இல் ராபர்ட் கேஸ், பிரிட்டிஷ் சாயத் தொழிலாளர்களின் மரணக் குறிப்புகளை ஆண்டாண்டாகத் தொகுத்து, அவர்களிடம் இந்நோய் பொதுமக்களிடம் காண்பதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதையும், வேலையில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே அது தலைகாட்டுவதையும் கணக்கால் நிறுவினார். மருத்துவரின் கண், விலங்குச் சோதனை, மக்கள்தொகைக் கணக்கு என்ற மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டிய பிறகுதான் விஞ்ஞானம் ‘ஆம்’ என்றது.

அந்தச் சாய மூலப்பொருள்களுக்கு அரோமாட்டிக் அமீன்கள் என்று பெயர். கரி அணுக்களாலான வளையத்தோடு நைட்ரஜன் கூடியவை என்பதால் வளைய அமீன்கள் எனலாம். இவற்றுள் சில புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. புகையோடு நுரையீரலில் புகுந்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரலை அடையும்போது, கல்லீரல் அவற்றை வெளியேற்றுவதற்காக நீரில் கரையும் பொருளோடு பிணைத்துச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பைக்கு வருகின்றன. சாயத் தொட்டியில் நூலை முக்கிய உடனே எடுத்தால் சாயம் பிடிக்காது. பல மணி நேரம் ஊறப் போட்டால்தான் இழைக்குள் ஏறும். நுரையீரலிலும் ரத்தத்திலும் விரைந்து கடந்துவிடுகிற இந்த நஞ்சு, பையில் மட்டும் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. சிறுநீரின் புளிப்புத் தன்மை கல்லீரல் போட்ட பிணைப்பை அவிழ்த்தும் விடுகிறது. அவிழ்ந்த அமீன் படலத்து அணுக்களில் ஊறி, அவற்றின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட மூன்று மடங்குக்கும் மேல். மொத்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புகையே காரணம் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. சிகரெட்டுக்குச் சொன்னது பீடிக்கும் சுருட்டுக்கும் விலக்கன்று.

இதிலே நம் நாட்டாருக்கு ஒரு விசேஷம் உண்டு. சில வளைய அமீன்களைக் கல்லீரல் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று, சிலரிடம் துரிதமாகவும் சிலரிடம் மந்தமாகவும் வேலை செய்கிறது. அதே நொதிதான் காசநோய் மருந்தான ஐசோநையசிடையும் கழிக்கிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ரசாயன சிகிச்சை மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் அந்த மருந்தின் கதியைத் தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் மந்தவகையினர் என்று கண்டார்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் சாயத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், சிறுநீர்ப்பைப் புற்று வந்தவர்களில் மந்தவகையினரே மிகுந்திருக்கக் கண்டார்கள். காசநோய்க்காக அளந்தது புற்றுநோயைப் புரிந்துகொள்ளவும் உதவிற்று. வளைய அமீன்களுள் ஒன்றான பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்களை இந்திய அரசு 1990-களில் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டு வெறுங்கையால் தொட்டிகளில் வேலை செய்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். மருத்துவர் ‘என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்டால் இப்போதைய வேலையை மட்டும் சொல்லாமல், இளமையில் சாயப்பட்டறை, தோல் பதனிடுதல், ரப்பர், பெயிண்ட் ஆகியவற்றில் ஈடுபட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நோயைக் கண்டறியும் முறை இனி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதலில் செய்யப்படும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துப் பையை நிறைத்துக்கொண்டு படுத்தால், பையின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி தெரியும். சிறிய முளைகளும், சுவரோடு சுவராகத் தட்டையாய்ப் படர்ந்த புற்றும் அதில் தப்பிவிடும். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்ற வாக்கியம் ரத்தம் கண்டவருக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. சிறுநீரில் உதிர்ந்து வரும் அணுக்களை நிறமேற்றி நுண்ணோக்கியில் காணும் முறையை, கர்ப்பப்பை வாய்ச் சோதனையால் புகழ்பெற்ற பாபனிகோலா, மார்ஷல் என்பவரோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். கொடிய வகைப் புற்றை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். சாதுவான வகையின் அணுக்கள் இயல்பானவற்றைப் போலவே தோற்றமளிப்பதால் அங்கே பெரும்பாலும் ஏமாற்றிவிடும். சிறுநீரகமும் குழாய்களும் எப்படியிருக்கின்றன என்பதை மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் சொல்லும்.

பையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அனுமானம் போதாது. கண்ணால் காண வேண்டும். அதற்கென உள்ள கருவி சிஸ்டாஸ்கோப், உட்காண்குழாய் எனலாம். போஸினி என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெழுகுவர்த்தி ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடம்பினுள் பார்க்க முயன்றார். வெளியே விளக்கை வைத்து உள்ளே ஒளியை அனுப்புவதைவிட விளக்கையே உள்ளே கொண்டுபோவது மேல் என்று கண்டவர் மாக்ஸ் நிட்ஸே. 1879-இல் வியன்னாவில் அவர் காட்டிய குழாயின் நுனியில் பிளாட்டினக் கம்பி ஒன்று மின்சாரத்தால் தகதகவென்று எரிந்தது, அதன் சூடு தாக்காதிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 1954-இல் லண்டனில் இயற்பியலாளர்களான ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கி, வளைந்த பாதையிலும் உருவத்தைக் கடத்திக் காட்டிய பிறகு, குழாய் விறைப்பு நீங்கி வளைந்துகொடுக்கும் கருவியாக மாற வழி பிறந்தது.

‘டியூப் போட்டுப் பார்க்கிறார்களாம்’ என்ற பேச்சைக் கேட்டே சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் அநேகர். அந்த அச்சத்துக்கு மரியாதை கொடுத்தே பேச வேண்டும். வளையும் குழாயைக் கொண்டு செய்யும் சோதனைக்கு மயக்கம் தேவையில்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் களிம்பைச் சிறுநீர்த்துவாரத்தில் செலுத்திச் சற்றுநேரம் பொறுத்து, பேனா அளவேயுள்ள குழாயை மெல்லச் செலுத்துகிறார்கள்; மருந்துநீர் ஊறிப் பை விரிகிறது; ‘முட்டுகிறது’ என்ற உணர்வு வருகிறது; ஐந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளியே திரையைப் பார்க்கலாம். ஆரோக்கியமான படலம் வெளிர் ரோஜா நிறத்தில், மெல்லிய நாளக் கொடிகளோடு, வழுவழுப்பாக இருக்கும்; இருபுறமும் சிறுநீரகக் குழாய்களின் வாய்கள் திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் சிறிது நீரைப் பீச்சுவதுகூடத் தெரியும். புற்றிருந்தால் அந்த வழுவழுப்பின்மேல் விரல்களாய்ப் பிரிந்த சதைத் திரள் நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். தட்டையான வகையோ சிவந்த, வெல்வெட் போன்ற திட்டாகவே தோன்றும். எரிச்சலும் அடிக்கடி போகத் தோன்றும் அவசரமும் உண்டாக்குவது பெரும்பாலும் இவ்வகை. தொற்று இல்லாமல் அந்த உபாதை நீடித்தால் ரத்தமே காணாவிடினும் சோதிக்க வேண்டியது அதனால்தான். சோதனை முடிந்து ஓரிரு நாள் எரிச்சலும் சிறு சிவப்பும் இருக்கும். காய்ச்சலோ நீரடைப்போ கண்டால் உடனே சொல்ல வேண்டும்.

கட்டி தெரிந்தால், மயக்கமோ முதுகுத்தண்டு ஊசியோ கொடுத்து, குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்து நோய்க்கூறு மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். அவர் விடை சொல்லும் கேள்விகளில் தலையாயது ஆழம்: படலத்தோடு நின்றதா, அடியிலுள்ள இணைப்புத் திசுவைத் தொட்டதா, தசைக்குள் வேரோடியதா? எடுத்த துண்டில் தசையே இல்லையென்றால் அக்கேள்விக்கு விடையே இராது. அதனால் சில வாரங்களில் மறுபடி சுரண்ட நேர்ந்தால் அதை வைத்தியக் குறையென்று கருதக் கூடாது. நல்வாய்ப்பாக, நான்கில் மூன்று பங்கினரிடம் தசையைத் தொடுமுன்பே நோய் பிடிபடுகிறது. ஆழத்தின் விலை என்னவென்று அமெரிக்கப் பதிவேடுகள் சொல்கின்றன: படலத்தோடு நின்றவர்களில் 100-க்கு 95-க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் வந்தவர்களில் பத்துப் பேர்கூட இல்லை. விலாவலி, எலும்புவலி, கால்வீக்கம், உடல்மெலிவு ஆகியவை தோன்றும்வரை காத்திருப்பவர் இரண்டாவது கணக்கை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

தசையைத் தொடாத, ஆனால் கொடிய வகையான புற்றுக்கு இன்று தரும் முக்கிய சிகிச்சை, நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் தோளில் போடும் பி.சி.ஜி. கிருமியே. 1948-இல் சென்னைக் கிண்டியில் நிறுவிய கூடத்தில் காசநோய்த் தடுப்புக்காக உற்பத்தி செய்யத் தொடங்கிய அதே வகைக் கிருமியை, கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் 1976-இல் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் செலுத்தி, பையின் நோயெதிர்ப்புச் சக்தி கிளர்ந்து புற்றணுக்களைத் தாக்குவதைக் கண்டறிந்தார்.

திருச்சியில் இருப்பவர் இதற்காகத் தொலைதூரம் ஓட வேண்டியதில்லை. புத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. போகும்போது சிவப்பு எந்தத் தேதியில் தோன்றியது, ஓட்டத்தின் தொடக்கத்திலா முடிவிலா முழுவதுமா, கட்டி விழுந்ததா, என்னென்ன மாத்திரை, எத்தனை ஆண்டு புகைத்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கைபேசியில் அந்நிறத்தைப் படமெடுத்துக்கொண்டு போவதும் நல்லதே, ஏனெனில் அவர் முன்னே அமரும் நாளில் நீர் தெளிந்தேயிருக்கும். நோய் கண்டு அகற்றியபின் அது பையிலேயே மறுபடி முளைக்கும் இயல்புடையது. ஆகவே முதலில் மூன்றாம் மாதத்திலும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் ஆண்டுக்கணக்காக உள்ளே பார்த்து வர வேண்டும். புகையைத் தொடர்பவரிடம் அது திரும்ப முளைப்பது மிகுதி, விட்டவரிடம் குறைவு.